ஒரே பெட்டிக்குள் மூன்று தரப்பாரின் தாள்கள்: அமெரிக்கத் துணைத்தூதர் ஒருவரின் ஆவணங்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியின் கடலோர ஊர் ஒன்றில், உள்ளூர் வரலாற்றுக் கழகம் நடத்தும் சிறிய ஆவணக் காப்பகத்தில் நான் வேலை பார்த்தபோது நடந்தது இது. 1840களின் நடுவில் தென் அமெரிக்காவின் மேற்குக் கரைத் துறைமுகம் ஒன்றுக்கு அமெரிக்கத் துணைத்தூதராகப் போய், சுமார் பத்தாண்டு இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவரின் சொந்தத் தாள்கள் எங்களிடம் வந்தன. பெட்டியை வாங்கிய நாளிலிருந்து வாசகர்களுக்குத் திறந்துவிட்ட நாள் வரை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. இந்த எழுத்தில் பெயர்கள் வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால், அவர் பெயரையும் துறைமுகத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

துணைத்தூதர் என்றதும் அரண்மனை விருந்தும் அரசியல் பேச்சுவார்த்தையும் நினைவுக்கு வரலாம். அதெல்லாம் தலைநகரில் இருக்கும் தூதரின் பாடு. ‘கான்சல்’ என்று சொல்லப்பட்ட இவர்களின் வேலை துறைமுகத்தில்தான். அமெரிக்கக் கப்பல் வந்து நங்கூரம் போட்டால் அதன் பதிவுத் தாள்களை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கிளம்பும்போது திருப்பிக் கொடுப்பார்கள். கேப்டனுக்கும் மாலுமிக்கும் தகராறு என்றால் விசாரிப்பார்கள். நோயாளி மாலுமியை மருத்துவமனையில் சேர்ப்பார்கள், இறந்தால் அடக்கம் செய்வார்கள்.

இதற்கெல்லாம் 1792, 1803 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் அடிப்படை. வெளிநாட்டுத் துறைமுகத்தில் ஒரு மாலுமியை வேலையிலிருந்து விடுவித்தால், கேப்டன் மூன்று மாதச் சம்பளத்தைத் துணைத்தூதரிடம் கட்ட வேண்டும். அதில் இரண்டு மாதப் பணம் அந்த மாலுமிக்கு. மீதி ஒரு மாதப் பணம், ஆதரவில்லாமல் நிற்கும் மாலுமிகளை ஊருக்கு அனுப்பும் நிதிக்கு. அப்படி அனுப்பப்படுபவரை நாடு திரும்பும் அமெரிக்கக் கப்பல்கள் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆளுக்குப் பத்து டாலருக்கு மேல் கேட்கக் கூடாது. பொறுப்பெடுக்க ஆளில்லாமல் இறந்துபோகும் அமெரிக்கரின் உடைமைகளை இரண்டு வணிகர்களை வைத்துக்கொண்டு பட்டியல் போட்டு, ஏலம் விட்டு, கடன்களைத் தீர்த்து, ஓராண்டு வரை உரியவர் வராவிட்டால் மிச்சப் பணத்தை அமெரிக்கக் கருவூலத்துக்கு அனுப்ப வேண்டும்.

இவ்வளவுக்கும் பெரும்பாலான துறைமுகங்களில் சம்பளம் கிடையாது. முத்திரை வைத்த சான்று ஒன்றுக்கு இரண்டு டாலர், இறந்தவரின் சொத்தைத் தீர்த்துக் கொடுத்தால் நூற்றுக்கு ஐந்து என்பது போன்ற கட்டணங்கள்தான் வருமானம். அதனால் வணிகர்களே இந்தப் பதவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். கடையும் அலுவலகமும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. 1856ஆம் ஆண்டுச் சட்டம்தான் பல இடங்களுக்குச் சம்பளம் நிர்ணயித்து, அவற்றில் ஒரு பகுதியில் இருந்தவர்களுக்குச் சொந்த வணிகத்தைத் தடை செய்தது. இந்தப் பெட்டிக்காரர் அதற்கு முந்தைய ஏற்பாட்டில் வேலை பார்த்தவர். கீழே வரும் சிக்கல்களில் பாதி இதிலிருந்து பிறந்தவை.

அந்தக் கடற்கரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரு, சிலி நாடுகளின் பைட்டா, தும்பெஸ், தல்காவானோ முதலிய துறைமுகங்களுக்கு, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நாண்டக்கெட்டிலிருந்தும் நியூ பெட்ஃபர்டிலிருந்தும் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் தண்ணீருக்கும் காய்கறிக்கும் வந்து போயின. ஒரு பயணம் மூன்று, நான்கு ஆண்டுகள்கூட நீளும். நடுவில் ஸ்கர்வி நோய் வந்தவர், கைகால் ஒடிந்தவர், கேப்டனோடு ஒத்துப்போகாதவர், ஓடிப்போனவர் என்று எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது துணைத்தூதரின் வாசலில்தான்.

பெட்டி வந்த நாள்

எழுபது வயதைக் கடந்த ஓர் அக்காவும் தம்பியும், விற்கப்போகும் பூர்வீக வீட்டின் பரணிலிருந்து இறக்கிய கற்பூரமரப் பெட்டியைக் காரில் கொண்டுவந்தார்கள். கூடவே இரண்டு தொப்பிப் பெட்டிகள், ஒரு பிஸ்கட் டின். அக்காவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று ஓரளவு தெரிந்திருந்தது. சிறு வயதில் பாட்டியோடு உட்கார்ந்து சில கடிதங்களைப் படித்திருக்கிறார். தம்பி அதுவரை பெட்டியைத் திறந்ததே இல்லை.

உள்ளே இருந்தவை இவை: அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்கள், மனைவி அவருக்கு எழுதியவற்றில் கொஞ்சம், மூன்று கடித நகல் புத்தகங்கள், நான்கு கணக்குப் புத்தகங்கள், ஒரு நாட்குறிப்பு. அப்புறம், சிவப்பு நாடாவால் கட்டிய சிறு கட்டுகள் ஒரு குவியலாக. அந்தக் கட்டுகளில் மாலுமிகளின் விடுவிப்புச் சான்றுகள், மருத்துவமனை பில்கள், உடைமைப் பட்டியல்கள் இருந்தன. இடையிடையே, மடித்து அரக்கோ மாவு வில்லையோ வைத்து ஒட்டிய கடிதங்கள் பதினான்கு. ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. முகவரியில் ஒரு மாலுமியின் பெயர், கப்பலின் பெயர், “அமெரிக்கத் துணைத்தூதர் மேற்பார்த்து” என்ற குறிப்பு.

அந்தக் காலத்தில் உறை பரவலாகவில்லை. தாளையே மடித்து ஒட்டி வெளிப்புறத்தில் முகவரி எழுதுவார்கள். கடலில் இருக்கும் மகனுக்கோ கணவனுக்கோ எழுதுகிறவர்கள், கப்பல் எந்தத் துறைமுகத்துக்கு வரக்கூடும் என்று ஊகித்து அங்குள்ள துணைத்தூதரின் பெயருக்கு அனுப்புவார்கள். இந்தப் பதினான்கும் அப்படி வந்து, உரியவர் கைக்குப் போகாமல் தங்கிவிட்டவை.

முதல் வாரம்

இந்த நிகழ்வில் நடந்த பெரிய தவறு என்னுடையது. அது முதல் வாரத்திலேயே நடந்துவிட்டது.

பெட்டிக்குள் ஈரம் ஏறியிருந்தது. நாடாக்களின் சாயம் தாளில் இறங்கியிருந்தது; குண்டூசிகள் துருப்பிடித்திருந்தன. திறக்காத கடிதங்களைப் பார்த்ததும் அவற்றை முதலில் காப்பாற்ற வேண்டும் என்ற பதற்றம் எனக்கு. கட்டுகளை அவிழ்த்து, பதினான்கையும் தனியே எடுத்து, அமிலமற்ற காகித உறைகளில் போட்டு, மாலுமிகளின் பெயர்களை அகரவரிசைப்படுத்தி ஒரு பெட்டியில் அடுக்கினேன். மற்ற தாள்களைத் தட்டையாக விரித்து, சான்றுகள் ஒரு பக்கம், பில்கள் ஒரு பக்கம், உடைமைப் பட்டியல்கள் ஒரு பக்கம் என்று வகை பிரித்தேன். இரண்டு நாள் வேலை. பார்க்கச் சுத்தமாக இருந்தது.

எந்தக் கட்டில் எது இருந்தது என்று ஒரு புகைப்படம்கூட எடுக்கவில்லை.

வந்த ஒழுங்கைக் கலைக்காதே என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. எனக்கு அது தெரியும். ஆனால் அந்தக் கட்டுகளைப் பார்த்தபோது அதை ஒரு ‘ஒழுங்கு’ என்றே நான் நினைக்கவில்லை. எவரோ கையில் கிடைத்ததைச் சேர்த்துக் கட்டியதாகத் தோன்றியது. ஓய்வு பெறும் தறுவாயில் இருந்த மூத்த சகா அந்த வாரம் விடுப்பில் இருந்தார். இருந்திருந்தால் தடுத்திருப்பார்.

கடிதங்களின் எண்கள்

இரண்டாம் மாதம் முழுக்கக் கணவன்-மனைவி கடிதங்களில் போனது. இந்தத் தொகுப்பிலேயே மிக வளமான பகுதி இதுதான் என்பது என் கருத்து; அதிலும் மனைவியின் கடிதங்கள்.

கணவர் தன் கடிதங்களுக்கு 1, 2, 3 என்று எண் போட்டிருந்தார். அப்போது இது பரவலான பழக்கம். 1855இல் பனாமா ரயில் பாதை முடியும்வரை, அந்தக் கரையிலிருந்து கிழக்கு அமெரிக்காவுக்குப் போகும் தபால், நீராவிக் கப்பலில் பனாமா வந்து, அங்குள்ள பூசந்தியை (இரு கடல்களுக்கு நடுவே உள்ள குறுகிய நிலத்தை) கோவேறு கழுதையிலும் படகிலும் கடந்து, மறுபடி கப்பல் ஏற வேண்டும். இல்லாவிட்டால் ஊர் திரும்பும் ஏதாவது ஒரு திமிங்கிலக் கப்பலின் கேப்டனிடம் கொடுத்து, தென் அமெரிக்காவின் தென்முனையைச் சுற்றி அனுப்ப வேண்டும். பின்னால் எழுதியது முன்னால் போய்ச் சேரும். எண் இருந்தால்தான் எது வரவில்லை என்று தெரியும். (அந்தக் கரையில் நீராவிக் கப்பல் சேவையை 1840இல் தொடங்கிவைத்த வில்லியம் வீல்ரைட்டும் நியூ இங்கிலாந்துக்காரர்தான். இன்றைய எக்வடாரின் குவாயாகில் துறைமுகத்தில் அமெரிக்கத் துணைத்தூதராக இருந்தவர்.)

எங்களிடம் இருந்த கடைசிக் கடிதத்தின் எண் 143. எண்ணிப் பார்த்தால் 118தான் இருந்தன. குடும்பத்தில் எவரோ எடுத்துவிட்டார்கள் என்று முதலில் நினைத்தோம். மனைவியின் கடிதங்களைப் படித்ததும் கதை மாறியது. “இத்தனையாவது வரவில்லை” என்று ஒவ்வொரு முறையும் எழுதியிருக்கிறார். விடுபட்ட 25இல் 11, அவர் கைக்கே போய்ச் சேராதவை. மீதி 14தான் பிற்பாடு காணாமல் போனவை. மனைவி எழுதிய அந்தச் சில தாள்கள் இல்லையென்றால், 25 கடிதங்களையும் குடும்பத்தார் தலையில் போட்டிருப்போம்.

கணவர் எழுதியதில் கடலும் வெயிலும் கடன்காரர்களும் வருகிறார்கள். மனைவி எழுதியதில் விறகு விலை, குழந்தையின் காய்ச்சல், அடமானத் தவணை. மாலுமிகளின் தாய்மார்கள் இவர் வீட்டுக் கதவைத் தட்டி, “என் மகனைப் பற்றி உங்கள் கணவர் ஏதாவது எழுதினாரா” என்று கேட்டதையும் அவர் எழுதியிருக்கிறார். அவர் வாசலும் ஒரு துணைத்தூதரகமாகத்தான் இருந்திருக்கிறது. பெட்டி வந்தபோது குடும்பத்தார் கொடுத்த பட்டியலில் இவை “இதர கடிதங்கள்” என்று ஒரே வரியில் இருந்தன.

மூன்றாம் மாதம்: தவறு தெரிந்தது

நாட்குறிப்பை வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தபோது ஒரு பதிவு கண்ணில் பட்டது. இறந்த மாலுமிக்கு வந்த கடிதத்தை ஏலத்தில் விடவும் முடியாது, கருவூலத்துக்கு அனுப்பவும் முடியாது, பிரித்துப் படிக்கத் தனக்கு உரிமையும் இல்லை, ஆகவே அந்த ஆளின் உடைமைப் பட்டியலோடு சேர்த்துக் கட்டி வைக்கிறேன், கேட்டு வருபவரிடம் இரண்டையும் ஒன்றாகக் கொடுக்கலாம் என்ற பொருளில் எழுதியிருந்தார்.

நான் அவிழ்த்த ஒவ்வொரு கட்டும் ஒரு மனிதர். விடுவிப்புச் சான்று, மருத்துவமனை பில், அடக்கச் செலவு, உடைமைப் பட்டியல், பிந்தி வந்த கடிதம் என்று ஒரு மாலுமியின் கடைசி மாதங்கள் ஒரு நாடாவுக்குள் இருந்தன. அவற்றை நான் வகை வகையாகப் பிரித்து வெவ்வேறு இடத்தில் வைத்திருந்தேன்.

பெயரை வைத்து மறுபடி சேர்த்துவிடலாமே என்று தோன்றும். முடியவில்லை. மாலுமிகளின் பெயர்கள் மிகச் சாதாரணமானவை. ஒரே பெயரில் இரண்டு பேர், மூன்று பேர். பலர் கப்பலுக்குக் கப்பல் பெயரை மாற்றிக்கொண்டார்கள். கப்பல் தாளில் ஒரு பெயர், தாய் எழுதிய முகவரியில் இன்னொன்று. அசோர்ஸ் தீவுகளிலிருந்தும் ஹவாயிலிருந்தும் வந்தவர்களின் பெயரை எழுத்தர்கள் தங்கள் காதுக்குக் கேட்டபடி எழுதிவைத்தார்கள்.

அன்று மாலையே மூத்த சகாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. கட்டு போனாலும் கட்டின் தடம் போயிருக்காது, அதைத் தேடு என்றார்.

தடத்தைத் தேடியது

அடுத்த ஆறு வாரம் நான்கு வகைத் தடங்களைத் தேடினோம். முதலாவது நாடாவின் சாயம்: ஒரே கட்டில் இருந்த தாள்களின் விளிம்பில் சிவப்புக் கோடு ஒரே உயரத்தில், ஒரே அகலத்தில் விழுந்திருக்கும். இரண்டாவது குண்டூசித் துரு: மேல் தாளில் அடர்த்தியாக, கீழே போகப் போக மங்கலாக, ஆனால் துளை ஒரே இடத்தில். மூன்றாவது மடிப்பு. நான்காவதுதான் மிகவும் உதவியது. அவர் பயன்படுத்திய மை இரும்பும் மாசிக்காயும் சேர்த்துக் காய்ச்சியது. பல ஆண்டு அழுத்தத்தில் அது எதிர்த் தாளில் பழுப்பு நிறத்தில் கண்ணாடிப் பிம்பம் போல் பதிந்துவிடும். உடைமைப் பட்டியலின் எழுத்து ஒரு கடிதத்தின் முதுகில் தலைகீழாகத் தெரிந்தால் இரண்டும் ஒட்டிக் கிடந்தவை என்று அர்த்தம்.

விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பதினான்கு கடிதங்களில் ஒன்பதைச் சந்தேகமில்லாமல் அவற்றின் கட்டுகளில் சேர்த்தோம். ஐந்து சேரவில்லை. இரண்டுக்கு ஊகம் இருந்தது. ஊகத்தை ஒழுங்காகக் காட்ட வேண்டாம் என்று முடிவெடுத்து அவற்றையும் ஐந்தோடே விட்டோம்.

கணக்குப் புத்தகம்

தன்னார்வலராக வந்த ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவரிடம் கணக்குப் புத்தகங்களைக் கொடுத்திருந்தோம். ஐந்தாம் மாதம் அவர் ஒரு விஷயத்தைக் கொண்டுவந்தார். அலுவலகக் கணக்கில், ஆதரவற்ற மாலுமிகளுக்குச் சட்டை, கால்சட்டை, போர்வை வாங்கியதாக ஒரு கடையின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. சொந்தக் கணக்கில், அதே கடையின் லாபத்தில் துணைத்தூதருக்கு மூன்றில் ஒரு பங்கு வருகிறது.

அரசுப் பணத்தில் தன் கடையிலேயே துணி வாங்கியிருக்கிறார். அன்றைய ஏற்பாட்டில் அவர் வணிகம் செய்யத் தடையில்லை என்பது உண்மை. விலை அதிகமாகப் போட்டாரா என்று சொல்ல, அந்த ஊரின் மற்ற கடைகளின் விலை நம்மிடம் இல்லை. இன்னொரு பக்கமும் இருந்தது. மருத்துவமனைக்கும் படகுக்கும் அவர் கையிலிருந்து போட்ட பணத்தில் ஒரு பகுதி வாஷிங்டனிலிருந்து திரும்பி வரவே இல்லை. துணைத்தூதர்களின் கணக்குகள் கருவூலத்தின் ஐந்தாம் தணிக்கையாளரிடம் போகும். 1817 முதல் 1855இல் இறக்கும் வரை அந்தப் பதவியில் இருந்தவர் ஸ்டீஃபன் பிளெசன்டன். 1814இல் ஆங்கிலேயப் படை வாஷிங்டனை நெருங்கியபோது, சுதந்திரப் பிரகடனத்தைத் துணிப்பையில் போட்டுக் காப்பாற்றிக் கொண்டுபோன எழுத்தர் இவர்தான். தணிக்கையாளராகச் சிக்கனத்துக்குப் பெயர் போனவர். திமிங்கில வேட்டைக்காரர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, கிடைத்த எண்ணெயில் பங்குதான் என்பதால், ‘மூன்று மாதச் சம்பளம்’ எவ்வளவு என்பதே ஒவ்வொரு முறையும் வாக்குவாதம் ஆனது.

இதைக் குடும்பத்தாரிடம் நாங்களே முதலில் சொல்வது என்று முடிவெடுத்தோம். ஆய்வாளர் ஒருவரின் கட்டுரையில் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்வது முறையல்ல. தம்பிக்கு மனம் ஆறவில்லை. அந்த ஒரு கணக்குப் புத்தகத்தைத் திருப்பிக் கேட்டார். அக்கா வைத்திருங்கள் என்றார். நன்கொடைப் பத்திரத்தில் இன்னும் கையெழுத்தாகவில்லை. கேட்க அவர்களுக்கு முழு உரிமை இருந்தது.

நாங்கள் வாதாடவில்லை. ஒரு முழு நாள் இருவரையும் உட்காரவைத்து, கணக்கர் இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கம் வைத்துக் காட்டினார். கடை லாபமும் தெரிந்தது, திரும்பி வராத பணமும் தெரிந்தது. மூன்று வாரம் கழித்துத் தம்பியே தொலைபேசியில் அழைத்து, பிரிக்க வேண்டாம், எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும் என்றார். விவரப்பட்டியலில் “கையாடல்” என்றோ “தியாகம்” என்றோ எழுதவில்லை. கடையில் அவருக்குப் பங்கு இருந்ததையும், எந்தப் பக்கங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பதையும் எழுதினோம்.

அரசுக்குச் சொந்தமான புத்தகம்

இதற்கு இணையாக வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. மூன்று நகல் புத்தகங்களில் இரண்டு, வெளியுறவுத் துறைக்கும் கேப்டன்களுக்கும் அவர் எழுதிய அலுவலகக் கடிதங்களின் நகல். துணைத்தூதர் மாறும்போது, அலுவலகத் தாள்களைப் பட்டியல் போட்டுப் புதியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. இவர் அவற்றை ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார். வேண்டுமென்றே எடுத்தாரா, மூட்டை கட்டும் அவசரத்தில் வந்துவிட்டதா, தெரியவில்லை. பிற்கால ஏலங்களில் இத்தகைய புத்தகங்கள் நிறையவே வந்து போகின்றன.

துணைத்தூதர்கள் வாஷிங்டனுக்கு அனுப்பிய அறிக்கைகள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் துறைமுக வாரியாகத் தொகுக்கப்பட்டு, நுண்படச் சுருளாகவும் (மைக்ரோஃபிலிம்) கிடைக்கின்றன. அந்தச் சுருளைப் பார்த்தோம். வாஷிங்டனுக்கு எழுதியவை பெரும்பாலும் இருந்தன. ஆனால் கேப்டன்களுக்கும் உள்ளூர் அதிகாரிகளுக்கும் எழுதியவை அங்கே இல்லை. அவை நிலையத்திலேயே இருக்க வேண்டியவை, எங்களிடம் இருந்தன.

பேசாமல் வைத்துக்கொள்ளலாம் என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் சொன்னார். மூத்த சகா சம்மதிக்கவில்லை. அரசுத் தாள் என்று தெரிந்த பிறகு மறைத்து வைத்தால், அதே பெட்டியில் உள்ள மற்றவற்றின் மீதும் சந்தேகம் விழும் என்றார். எழுதித் தெரிவித்தோம். ஏழு மாதக் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு இரண்டு புத்தகங்களும் அரசிடம் போயின. தரமான ஒளிப்பட நகல் எங்களிடம் இருக்கிறது.

மூன்றாவது புத்தகம்தான் சங்கடம். முன்பக்கத்திலிருந்து அலுவலகக் கடிதங்கள். புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் கடைக் கடிதங்கள். நடுவில் இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரே தாளின் ஒரு பக்கம் அரசுடையது, மறுபக்கம் அவருடையது. தையலைப் பிரித்துப் பாதியைக் கொடுக்கலாமா என்ற யோசனை வந்தது. நான் எதிர்த்தேன். ஒரே ஆள் ஒரே மேசையில் இரண்டு வேலை பார்த்தார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. புத்தகம் முழுதாக எங்களிடமே இருக்க, முழு நகல் அரசுத் தரப்புக்குப் போகும் என்று பேசி முடிந்தது.

திறக்காத கடிதங்கள்

கடைசிவரை தள்ளிப்போட்ட முடிவு இது. சட்டப்படி சிக்கல் பெரிதாக இல்லை. அமெரிக்கச் சட்டத்தில், எழுதியவர் இறந்த ஆண்டு தெரியாத, வெளியிடப்படாத எழுத்துக்குக் காப்புரிமை எழுதிய நாளிலிருந்து 120 ஆண்டுகள். அது எப்போதோ கடந்துவிட்டது. ஆனால் உரிமை இருப்பதும் செய்வதும் வேறு வேறு. எந்த மனைவியும் தாயும் இதை எங்களுக்கு எழுதவில்லை. பெட்டிக்காரரும் பத்தாண்டு கையில் வைத்திருந்து பிரிக்காமல் விட்டிருக்கிறார்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தோம். நெதர்லாந்தில் ஹேக் நகரில், 17ஆம் நூற்றாண்டுத் தபால் அதிகாரி ஒருவரின் பெட்டியில் தேங்கிய கடிதங்களில் ஒன்றை, பல் ஆய்வுக்காக உருவான எக்ஸ்-ரே ஸ்கேனரில் வைத்து, மடிப்புகளைக் கணினியில் விரித்து, பிரிக்காமலேயே படித்ததாக 2021இல் அறிவித்தார்கள். கடிதம் 1697ஆம் ஆண்டினது. மையில் உலோகம் இருப்பதால் எக்ஸ்-ரேயில் எழுத்து தெரிகிறது. இங்கிலாந்தில் நடந்தது வேறு. 1758இல் பிடிபட்ட ‘கலதே’ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலின் மாலுமிகளுக்கு வந்த நூற்றுச் சொச்சக் கடிதங்களை, கேம்பிரிட்ஜ் வரலாற்றாசிரியர் ஒருவர் காப்பகத்தின் அனுமதியோடு பிரித்துப் படித்து 2023இல் எழுதினார். இரண்டு வழியையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தப் பிரெஞ்சு மனைவியரின் குரல் வெளியே வந்தது பெரிய விஷயம்.

எங்கள் பதினான்கில் நான்கின் ஒட்டு வில்லை காய்ந்து தானாகவே விட்டிருந்தது. அவற்றை ஆவணப் பாதுகாப்பு நிபுணர் விரித்தார், படித்தோம். மற்ற பத்தைப் பிரிக்கவில்லை. ஒரு முறை பிரித்தால் மடிப்பும் ஒட்டும் போய்விடும், பிறகு அந்த நிலைக்குத் திரும்ப முடியாது. முதல் வாரத்தில் திரும்ப முடியாத ஒரு காரியத்தைச் செய்து பார்த்தவன் நான். எக்ஸ்-ரே முறை சிறிய காப்பகங்களுக்கும் எட்டும் நாள் வரும் என்று நம்பி விட்டுவைத்தோம்.

பின் நடந்தவை

தொகுப்பு திறந்த முதல் ஆண்டிலேயே மூன்று பேர் வந்து பயன்படுத்தினார்கள். ஒருவர் மாலுமிகளின் மருத்துவச் செலவைப் பற்றி எழுதுகிறவர். கட்டுகள் கட்டுகளாகவே இருந்ததால் ஒரு ஆளின் நோயை நாள் கணக்கில் பின்தொடர முடிந்தது என்றார். சேராத ஐந்து பேரை அவர் தன் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த நஷ்டம் என்னால் வந்தது.

மனைவியின் கடிதங்களை அக்காவே தட்டச்சு செய்து கொடுத்தார். தொகுப்பின் தலைப்பில் இப்போது கணவர், மனைவி இருவர் பெயரும் இருக்கின்றன.

சேர்த்துவைத்த ஒன்பதில் ஒரு மாலுமியின் குடும்பம் கிடைத்தது. நியூ பெட்ஃபர்ட் பொது நூலகத்தில் உள்ள திமிங்கிலக் கப்பல் ஆள் பட்டியல்களில் பெயரும் பிறந்த ஊரும் பொருந்தின; அதைப் பிடித்துக்கொண்டு போய் அவருடைய சகோதரியின் வழிவந்த ஒரு பெண்மணியைக் கண்டோம். வந்து பார்த்தார். உடைமைப் பட்டியலில் ஒரு மரப்பெட்டி, இரண்டு கித்தான் கால்சட்டை, ஒரு பைபிள், செதுக்கிய திமிங்கிலப் பல் ஒன்று. ஏலத்தில் பல்தான் அதிக விலைக்குப் போயிருந்தது. கடிதத்தைப் பிரிக்கலாமா என்று அவரிடம் கேட்டோம். முகவரி எழுதிய கையெழுத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, இப்போது வேண்டாம் என்றார்.

இனி மாற்றிச் செய்வது

எங்கள் காப்பகத்தில் இப்போது எந்தப் பெட்டி வந்தாலும், நாடாவையோ குண்டூசியையோ தொடுவதற்கு முன் அடுக்கடுக்காகப் படம் எடுக்கிறோம். கைப்பேசிப் படம் போதும். ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் எண். அவிழ்த்த தாள் ஒவ்வொன்றின் உறையிலும் பென்சிலால் அந்த எண். ஈரமும் பூஞ்சையும் அவசரப்படுத்தினால்கூட இதற்கு அரை நாள் ஒதுக்குகிறோம். முதல் வாரத்தில் தனியாக எவரும் கட்டு அவிழ்ப்பதில்லை.

வகை பிரிப்பதற்கு முன் நாட்குறிப்பைப் படிக்கிறோம். தாள்களை அடுக்கியவர் ஏன் அப்படி அடுக்கினார் என்று எழுதியிருந்தால் அது அங்கேதான் இருக்கும். மூன்றாம் மாதம் படித்ததை முதல் நாள் படித்திருக்கலாம்.

நன்கொடைப் பத்திரம் எழுதும்போதே, பெட்டியில் அரசுத் தாள் இருக்கலாம், மூன்றாம் மனிதர்களின் தாள் இருக்கலாம், குடும்பத்துக்குப் பிடிக்காதது வரலாம் என்று மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறோம். துணைத்தூதர், கப்பல் கேப்டன், பாதிரியார் போன்றவர்களின் பெட்டி என்றால் கட்டாயம்.

சேராத ஐந்து கடிதங்களும் ஒரே உறையில் இருக்கின்றன. உறையின் மேல் “கட்டு தெரியவில்லை, காப்பகத்தில் பிரிக்கப்பட்டது” என்று எழுதி, தேதியும் என் பெயரும் போட்டிருக்கிறேன்.